பல்கலைக்கழகப் பெப் பேண்டில் புதிதாகச் சேரலாமா? கர்நாடக முறையில் சாக்ஸபோன் கற்ற ஒருவரின் ஐயங்கள்

கேள்வி: குடந்தைச் சாக்ஸ்

அனைவருக்கும் வணக்கம். இந்த ஆகஸ்டில் அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலம் ஒன்றில் முதுநிலைப் பொறியியல் படிக்க வந்திருக்கிறேன். மாணவர் மன்றங்கள் மேசை போட்டு உறுப்பினர் சேர்க்கும் நாளில், கூடைப்பந்து ஆட்டங்களுக்கு வாசிக்கும் பெப் பேண்டின் மேசையில் நின்று பேசினேன். கால்பந்துத் திடலில் அணிவகுத்து நடக்கும் பெரிய மார்ச்சிங் பேண்டுக்குத் தேர்வும் கோடை முகாமும் உண்டு என்றும், தங்கள் பேண்டு மாணவர்களே நடத்தும் எளிய அமைப்பு என்றும், அரங்கின் ஒரு மூலைப் படிக்கட்டு இருக்கைகளில் நின்றபடி வாசிப்பதுதான் வேலை என்றும், தேர்வு எதுவும் கிடையாது, கருவியோடு முதல் ஒத்திகைக்கு வந்தால் போதும் என்றும் சொன்னார்கள்.

எனக்கு ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கத் தெரியும். ஆனால் கத்ரி கோபால்நாத் கர்நாடக மேடையில் நிலைநிறுத்திய வழியில், சரளி வரிசையில் தொடங்கிக் கீதம், வர்ணம், கீர்த்தனை என்று கும்பகோணத்தில் ஓர் ஆசிரியரிடம் கற்றவள். அவருடைய குழுவோடு கோயில் திருவிழாக்களிலும் திருமணங்களிலும் வாசித்திருக்கிறேன். சுரப்படுத்திய தாளைப் படிப்பேன். மேற்கத்திய இசையை எழுதும் ஐந்து கோட்டு ஸ்டாஃப் நொட்டேஷன் எனக்குத் தெரியாது. கூடைப்பந்தின் விதிகளும் தெரியாது.

இத்தகைய நிலையில் உள்ளவர் அங்கே போய் நிற்பது மற்றவர்களுக்குத் தொல்லையாக இருக்குமா? தேர்வு இல்லை என்று சொன்னாலும், ஓரளவு தரத்தை உள்ளூர எதிர்பார்ப்பார்களா? முதுநிலை மாணவர்கள் இத்தகைய பேண்டுகளில் சேர்வது வழக்கந்தானா? வாரத்தில் எவ்வளவு நேரம் போகும்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடன் இருப்பேன். கருவியை இவ்வளவு தொலைவு கொண்டுவந்துவிட்டு அறையில் பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பது மனத்துக்கு ஒப்பவில்லை.

மறுமொழி: பனித்தளத்து டிராம்போன்

வணக்கம் சகோதரி. நியூயார்க் மாநிலத்தின் வட பகுதியில் இளநிலை படித்தபோது நான்கு ஆண்டுகளும் பெப் பேண்டில் டிராம்போன் வாசித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தயங்காமல் போங்கள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு அந்தப் பேண்டு உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதை விளக்கினாலே போதும்.

முதலில் தகுதி பற்றி. விளையாட்டு வீரர்கள் எத்தனை ஆண்டுகள் ஆடலாம் என்பதற்கு கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் அமைப்பான என்சிஏஏ வரம்பு வைத்திருக்கிறது; பேண்டு உறுப்பினர்களை அந்த வரம்பு தொடாது. முதுநிலை மாணவர்களையும் ஆய்வு மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளும் பேண்டுகள் பல உண்டு, எங்கள் வரிசையிலும் அத்தகையோர் இருந்தார்கள். தேர்வு இல்லை என்பதும் வெறும் உபசார வார்த்தை அன்று. ஸ்டான்ஃபோர்டு, ரைஸ் போன்ற பல்கலைக்கழகங்களில் பெரிய பேண்டே அந்த முறையில்தான் இயங்குகிறது. ஐவி லீக் எனப்படும் வடகிழக்கின் எட்டுப் பழம்பெரும் பல்கலைக்கழகங்களில் கார்னெல் தவிர மற்றவற்றின் பேண்டுகள், சீராக அணிவகுப்பதை விட்டுவிட்டு ஓர் அமைப்பிலிருந்து இன்னோர் அமைப்புக்கு ஓடிச் சென்று நிற்கும் ஸ்கிராம்பிள் வகையை நெடுங்காலமாகப் பின்பற்றி வந்தவை. பிரௌன் பல்கலைக்கழகப் பேண்டு 1924இல் தொடங்கியது. அதன் உறுப்பினர்கள் பனிச்சறுக்குக் காலணி அணிந்து பனித்தளத்தில் சறுக்கியபடியே வாசிப்பார்கள். இந்த மரபில் வந்தவர்கள் ஒருவர் எவ்வளவு வாசிப்பார் என்று முதலில் கேட்பதில்லை, அடுத்த ஆட்டத்துக்கு வருவாரா என்றுதான் கேட்பார்கள்.

இனி ஆட்ட மாலை எப்படிப் போகும் என்று சொல்கிறேன். ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்து 20 நிமிடப் பாதிகள் இரண்டு கொண்டது. தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் ஆட்டங்களில், ஒவ்வொரு பாதியிலும் மீதி நேரத்தைக் காட்டும் கடிகாரம் 16, 12, 8, 4 நிமிடங்களைக் கடந்தபின் பந்து முதல் முறை நிற்கும்போது கட்டாய இடைவேளை விடுவார்கள். பெண்கள் ஆட்டம் 10 நிமிடக் கால்பகுதிகள் நான்காக நடப்பதால் அங்கே கணக்கு வேறு. இவற்றோடு அணிகள் தாமாகக் கேட்கும் இடைவேளைகளும், பாதி ஆட்டத்தில் வரும் 15 நிமிட நீண்ட இடைவேளையும் சேரும். பேண்டு வாசிக்கும் நேரம் இவ்வளவுதான். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது கருவியை ஊதக்கூடாது என்பது விதி. அந்த நேரத்தில் கைதட்டலாம், கத்தலாம், பாடலாம், கருவி மட்டும் ஒலிக்கக்கூடாது.

ஆகவே மாலை முழுவதும் நின்றிருந்தாலும் நீங்கள் தொடர்ச்சியாக வாசிப்பது ஒன்றரை நிமிடத்தைத் தாண்டுவது அரிது. நடுவர் ஊதல் ஊதுவார். பேண்டை நடத்தும் மாணவர் ஓர் எண்ணை விரல்களால் காட்டுவார், அல்லது பாட்டின் பெயரை அட்டையில் உயர்த்திப் பிடிப்பார். இசைத்தாள்களை உறைகளில் செருகிய உள்ளங்கை அகல ஃபிளிப் ஃபோல்டரில் அந்தப் பக்கத்தைப் புரட்டி, கருவியை வாயில் வைத்து, நான்கு எண்ணிக்கைக்குள் தொடங்கியாக வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்தப் புரட்டலில்தான், சுரத்தில் அன்று. ஃபோல்டர் கையில் கிடைத்த அன்றே பக்க எண்களுக்கும் பாட்டுகளுக்கும் ஒரு பட்டியல் எழுதி முதல் உறைக்குள் செருகிவிடுங்கள். அடிக்கடி வரும் ஆறேழு பாட்டுகளை, முக்கியமாகப் அணியை ஊக்குவிக்கும் பல்கலைக்கழகத்தின் சொந்தப் போர்ப்பாட்டையும் கல்லூரி வாழ்த்தையும், தாளைப் பார்க்காமல் வாசிக்கும் அளவுக்கு மனப்பாடம் செய்யுங்கள். கர்நாடக முறையில் வந்தவருக்கு இது பெரிய பாரமாக இருக்காது. இங்குள்ள மாணவர்கள் தாளை எடுத்துவிட்டால் கைவிடப்பட்டவர்கள்போல் ஆகிவிடுவார்கள், நீங்களோ கேட்டுப் பாடமாக்கிப் பழகியவர்.

தொடக்கத்தைவிட முடிவுக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். இடைவேளை எதிர்பாராமல் சுருங்கும், ஆட்டக்காரர்கள் களத்துக்குத் திரும்புவார்கள், நடத்துநர் கையை மூடி முட்டியாக உயர்த்துவார். அந்தக் கணத்தில் பாட்டின் எந்த இடத்தில் இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். முட்டி உயர்ந்த பிறகும் ஒலிக்கும் ஒற்றைக் கருவி அரங்கம் முழுவதும் கேட்கும். எனவே தாளைப் பார்க்கும் கண்ணின் ஓரத்தில் நடத்துநரை எப்போதும் வைத்திருக்கப் பழகுங்கள். மிருதங்கக்காரரின் முகத்தைப் பார்த்தே தீர்மானத்துக்கு வந்து சேரத் தெரிந்த உங்களுக்கு நான் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

வாசிக்க முடியாத சொற்கட்டு வந்தால் அதை விட்டுவிட்டு, அடுத்த அடியின் முதல் எண்ணிக்கையில் சேர்ந்துகொள்ளுங்கள். இருபது முப்பது பேர் சேர்ந்து ஊதும் இடத்தில் அந்த விடுபடல் எவர் காதிலும் விழாது. தவறான சுரத்தைத் தைரியமாக ஊதுவதும், பயந்து மெல்ல ஊதுவதும் இரண்டாம் பட்சமே. தெரிந்த நான்கு சுரங்களை நிமிர்ந்து நின்று முழுக் குரலில் ஊதுகிறவரைத்தான் பேண்டு விரும்பும்.

ஐஸ் ஹாக்கி உள்ள பல்கலைக்கழகமாக இருந்தால் அதற்கும் அழைப்பார்கள். அங்கே 20 நிமிடப் பகுதிகள் மூன்று. இடையிடையே ஆட்டம் நிற்பது சில நொடிகளுக்கே என்பதால் எட்டு எண்ணிக்கை, பதினாறு எண்ணிக்கைத் துணுக்குகளாக வாசிப்போம். குளிர் கடுமையாக இருக்கும். கருவியின் சுருதி இறங்கும். மரத்தாலான கிளாரினெட்டை அங்கே கொண்டுவர வேண்டாம், குளிரில் விரிசல் விடும் என்று கிளாரினெட் வரிசையில் எல்லாருக்கும் சொல்லி வைப்பார்கள். உங்கள் சாக்ஸபோனுக்கு அந்த அபாயம் இல்லை. ஊதுவாயில் பொருத்தும் பிரம்பு ரீடு குளிரிலும் வறட்சியிலும் சோர்ந்துவிடும் என்பதால் செயற்கை ரீடு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

நான் மனமார விரும்பிச் சொல்ல வேண்டிய இன்னொரு செய்தி, பெண்கள் அணியின் ஆட்டங்களுக்குத் தவறாமல் போங்கள் என்பது. கல்வி நிறுவனங்களில் பால் வேறுபாடு காட்டுவதைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டம் 1972இல் வந்தது. அதன் தொடர்ச்சியாக ஆண்கள் ஆட்டத்துக்கும் பெண்கள் ஆட்டத்துக்கும் பேண்டை அனுப்பும் வழக்கம் பல பல்கலைக்கழகங்களில் நிலைபெற்றது. பெண்கள் ஆட்டத்தில் கூட்டம் குறைவாக இருக்கும் மாலைகளில், அரங்கை நிரப்பும் ஒலி பேண்டிடமிருந்தே வர வேண்டும். தரையிலிருந்து ஆட்டக்காரர்கள் நம் பக்கம் திரும்பிக் கை உயர்த்துவார்கள். நம்மால் ஒரு பயன் உண்டு என்று அங்கே நேராகத் தெரியும்.

மறுமொழி: ஐந்து கோடு

வணக்கம். நியூ ஜெர்சியில் நடுநிலைப் பள்ளிப் பேண்டு ஆசிரியையாக இருக்கிறேன். சிறு வயதில் வீணை கற்றதால் உங்கள் பக்கமும் எனக்குத் தெரியும். மேலே எழுதியவர் ஆட்டத்தைப் பற்றி நன்றாகவே சொல்லிவிட்டார். நான் ஸ்டாஃப் நொட்டேஷனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் அச்சத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் மாற்ற வேண்டிய எண்ணம் ஒன்றே. நம் ஷட்ஜம் நகரக்கூடியது. எந்தச் சுருதியில் வைத்தாலும் அது சதான். கோடுகளில் எழுதும் சுரமோ நகராது. ஒரு கோட்டில் உள்ள புள்ளி எப்போதும் கருவியின் ஒரே விரலமைப்பைத்தான் குறிக்கும். ஆகவே கோட்டில் உள்ள புள்ளியைச் சுரமாக மொழிபெயர்த்து, பிறகு விரலுக்குப் போகாதீர்கள். புள்ளியிலிருந்து நேரே விரலுக்குப் போங்கள்.

ட்ரெபிள் கிளெஃப் என்ற சுருள் கீழிருந்து இரண்டாம் கோட்டைச் சுற்றி வருகிறது. மேற்கத்திய முறையில் சுரங்களுக்கு ஏ முதல் ஜி வரை எழுத்துப் பெயர்கள்; அந்தக் கோடு ஜி. இடக்கையின் மூன்று விரல்களை அழுத்தினால் உங்கள் சாக்ஸபோனில் வரும் அதே சுரம். ஒரு விரலை எடுத்தால் ஏ, இன்னொன்றையும் எடுத்தால் பி. நடுவிரலை மட்டும் அழுத்தினால் சி. இடக்கையின் மூன்றையும் வலக்கையின் மூன்றையும் சேர்த்து மூடினால் கோடுகளுக்குச் சற்றுக் கீழே தொங்கும் டி, ஸ்தாயியை உயர்த்தும் ஆக்டேவ் சாவியைச் சேர்த்தால் நான்காம் கோட்டின் டி. விரல்கள் அனைத்தும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. கோட்டோடு இணைக்கும் வேலைதான் பாக்கி, அதைத் தினமும் இருபது நிமிடம் என்று சில வாரங்கள் விடாமல் செய்தால் பெப் பேண்டுத் தாள்களைப் படிக்கும் அளவுக்கு வந்துவிடலாம்.

அடுத்து, ஒத்திகையில் உங்களைக் குழப்பக்கூடிய சொல் கான்சர்ட் என்பது. "கான்சர்ட் பி ஃபிளாட் கொடுங்கள்" என்று நடத்துநர் சுருதி சேர்க்கக் கேட்பார். கான்சர்ட் என்றால் பியானோவில் ஒலிக்கும் சுரம்; ஃபிளாட் அரைச் சுரம் தாழ்ந்தது, ஷார்ப் அரைச் சுரம் உயர்ந்தது. ஆல்டோ சாக்ஸபோன் ஈ ஃபிளாட் கருவி. அதில் சி என்று எழுதியதை ஊதினால் பியானோவின் ஈ ஃபிளாட் ஒலிக்கும். அதனால் கான்சர்ட் பி ஃபிளாட் என்றால் நீங்கள் ஜி ஊத வேண்டும். பக்கத்தில் நிற்கும் ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் பி ஃபிளாட் கருவிகள், ஆகவே அவர்கள் சி ஊதுவார்கள். டிராம்போன்காரர் பி ஃபிளாட்டையே ஊதுவார். ஒலிப்பது எல்லாருக்கும் ஒரே சுரம். உங்களிடம் தரும் தாளில் இந்த மாற்றத்தைச் செய்தே அச்சிட்டிருப்பார்கள் என்பதால் வாசிக்கும்போது கணக்குப் போடத் தேவையில்லை. வாய்மொழியாகக் கேட்கும்போது மட்டும் நினைவில் இருந்தால் போதும். கான்சர்ட் ஈ ஃபிளாட் உங்களுக்குச் சி, கான்சர்ட் எஃப் உங்களுக்கு டி, கான்சர்ட் ஏ ஃபிளாட் உங்களுக்கு எஃப். பேண்டுப் பாட்டுகளில் பெரும்பகுதி இந்த நான்கு சுருதிகளைச் சுற்றியே அமைந்திருக்கும்.

இனிப் பயிற்சி. மேஜர் ஸ்கேல் என்று இவர்கள் சொல்வது 29ஆம் மேளமான சங்கராபரணத்தின் சுரங்களே. சரளி வரிசைகளை மாயாமாளவகௌளைக்குப் பதில் சங்கராபரணத்தில் எடுத்துக்கொண்டு, முதலில் ஜியைச் ச ஆக வைத்து வாசியுங்கள். அப்போது காகலி நிஷாதம் எஃப் ஷார்ப் ஆகும். தாளின் தொடக்கத்தில் ஒரே ஒரு ஷார்ப் குறி இருப்பது அதற்காகத்தான். பிறகு டியை ச ஆக வையுங்கள். அந்தர காந்தாரம் எஃப் ஷார்ப், நிஷாதம் சி ஷார்ப், ஆகவே இரண்டு ஷார்ப்புகள். சியில் எதுவும் இல்லை. எஃப்பை ச ஆக வைத்தால் சுத்த மத்யமம் பி ஃபிளாட் ஆகும். இப்படி வாசிக்கும்போது வாய்க்குள் சரிகம சொல்லாமல் ஜி, ஏ, பி என்று எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள், கண் முன்னால் அதே வரிசை ஐந்து கோட்டில் எழுதியபடி இருக்கட்டும். ராக் பாட்டுகள் பலவற்றில் கைசிகி நிஷாதம் வந்து ஹரிகாம்போஜியின் சாயல் தெரியும். மைனர் பாட்டுகள் நடபைரவியின் சுரங்களில் நடக்கும். இந்த உறவுகள் தெரிந்திருந்தால் ஒரு பாட்டை ஒருமுறை கேட்டதும் அதன் சுர எல்லை பிடிபட்டுவிடும், தாளில் ஏதேனும் இடறினாலும் காது தூக்கிவிடும்.

தாளத்தைப் பொறுத்தவரை நீங்கள் முன்னால்தான் நிற்கிறீர்கள். நான்கு எண்ணிக்கை ஓர் அடி, ஆகவே ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் இரண்டு அடி. எண்ணிக்கைக்கு இடையில் தொடங்கும் சொற்கட்டுகளைக் கண்டு என் மாணவர்கள் பல வாரம் திணறுவார்கள். அரை இடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனைகளைப் பாடமாக்கிய உங்களுக்கு அது புதிதாக இருக்காது.

விட வேண்டியவை இரண்டு உண்டு, அவற்றை விடுவது கடினம் என்பதையும் அறிவேன். ஒன்று கமகம். பன்னிரண்டு பேர் ஒரே சுரத்தை நேராகப் பிடிக்கும்போது ஒருவர் மட்டும் அசைத்தால் அந்த வரிசையின் சுருதி கலங்கிவிடும். சுரத்தை நடுவில் பிடித்து, அளவு முடியும்வரை அசையாமல் வைத்திருங்கள். மற்றொன்று சுரங்களை மூச்சாலேயே இணைத்துக்கொண்டு போகும் பழக்கம். பேண்டுத் தாளில் ஒவ்வொரு சுரத்தையும் ரீடின் நுனியில் நாக்கைத் தொட்டு, து என்று சொல்வதுபோல் தொடங்க வேண்டும். வளைகோடு போட்ட இடத்தில் மட்டுமே இணைப்பு. சாக்ஸபோன் வரிசை கூர்மையாகக் கேட்பதும் மந்தமாகக் கேட்பதும் இந்த நாக்கைப் பொறுத்தது. வீட்டில் ஒரே ஜியில் நின்றுகொண்டு நான்கு காலங்களிலும் நாக்கால் வெட்டிப் பழகுங்கள்.

சேரும் நாளில் உங்கள் பின்னணியை மறைக்காமல், உங்கள் கருவி வரிசையின் தலைவரான செக்‌ஷன் லீடரிடம் சொல்லிவிடுங்கள். "எனக்குச் சாக்ஸபோன் நன்றாகத் தெரியும், கோடு இப்போதுதான் படிக்கிறேன், தாள்களை முன்கூட்டியே தர முடியுமா" என்று கேட்டால் போதும். மின்னஞ்சலில் தாள்களும் சில ஒலிப்பதிவுகளும் அன்றே வந்துவிடும்.

மறுமொழி: ஆய்வகத்து ஆள்

நேரத்தையும் விசாவையும் பற்றிச் சொல்ல ஒருவரும் இல்லை என்பதால் எழுதுகிறேன். நானும் இங்கே ஆய்வு மாணவன், தாள வாத்திய வரிசையில் நிற்கிறவன்.

கூடைப்பந்துப் பருவம் நவம்பர் முதல் வாரத்தில் தொடங்கி மார்ச் வரை போகும். ஒத்திகை வாரம் ஒருமுறைதான். ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் ஆண்கள், பெண்கள் ஆட்டங்கள் சேர்ந்து வாரத்துக்கு இரண்டு மூன்று மாலைகள் போய்விடும். ஆட்டத்துக்கு முன் ஒரு மணி நேரம், ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர்த் தேர்வு வாரத்தில் ஆட்டங்கள் குறைவு. எளிய அமைப்பான பேண்டுகளில் எல்லா ஆட்டத்துக்கும் வர வேண்டும் என்ற கட்டாயம் இருக்காது. வருவதாகப் பெயர் கொடுத்துவிட்டு வராமல் இருப்பதைத்தான் தவறாகக் கருதுவார்கள். ஆகையால் உங்கள் பாடங்களின் காலக்கெடுவைப் பார்த்து, வரக்கூடியவற்றுக்கு மட்டும் பெயர் கொடுங்கள்.

மார்ச் மாத என்சிஏஏ போட்டிக்கு அணி தேர்வானால், ஒரு பேண்டிலிருந்து 29 பேர்தான் போகலாம் என்ற வரம்பு உண்டு. பயணமும் தங்குமிடமும் உணவும் அவர்களுக்குக் கிடைக்கும். அந்த 29 இடங்களை எங்கள் பேண்டில் வருகைப் பதிவை வைத்தே நிரப்புகிறோம். முதல் ஆண்டிலேயே இடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் பெண்கள் ஆட்டங்களுக்குச் சலிக்காமல் வந்தவர்களுக்குப் புதியவராக இருந்தும் இடம் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

மிகவும் கவனிக்க வேண்டியது இது. சில பல்கலைக்கழகங்கள் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேண்டு உறுப்பினர்களுக்குப் பணம் தருகின்றன. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் உள்ளவர் கல்வி நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். உங்களுக்கு ஆசிரியர் உதவியாளர் பணி 20 மணி நேரத்துக்கு ஏற்கெனவே இருந்தால், பேண்டுப் பணம் ஊதியமாகக் கணக்கிடப்படும் இடத்தில் வரம்பு மீறப்படும். எந்தப் படிவத்திலும் கையெழுத்திடும் முன் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுவிடுங்கள். பணம் பெறாத உறுப்பினராக இருப்பதற்கு வழி உண்டா என்று பேண்டிலும் கேளுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். வெளிநாட்டு மாணவர்கள் கேட்கும் வழக்கமான கேள்விதான்.

கேட்டவரின் பதில்: குடந்தைச் சாக்ஸ்

மூவருக்கும் மிக்க நன்றி. உங்கள் சொற்களை நம்பி முதல் ஒத்திகைக்குப் போய்வந்தேன். வரவேற்பு நான் நினைத்ததைவிட இதமாக இருந்தது. கான்சர்ட் பி ஃபிளாட் என்று நடத்துநர் சொன்னதும் ஜி ஊதினேன். பக்கத்தில் நின்ற இளநிலை மாணவி, முன்னரே பேண்டில் இருந்தீர்களா என்று கேட்டார். பணம் பற்றியும் விசாரித்தேன்: இங்கே உறுப்பினர்களுக்கு ஊதியம் இல்லை, போர்த்திக்கொள்ளும் சட்டை ஒன்று மட்டும் தருகிறார்கள்.

இப்போது புதிய ஐயம் ஒன்று. ஆல்டோ சாக்ஸபோன் வரிசையில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், சிம்பல் என்ற பெரிய உலோகத் தாளத் தட்டுகளை வாசிக்க ஒருவர்கூட இல்லை. கோடு படிக்கப் பழகும்வரை சிம்பல் எடுத்துக்கொள்கிறீர்களா, தாளம் உறுதியாக இருக்கிறது என்று செக்‌ஷன் லீடர் கேட்டார். கட்டாயம் இல்லை, யோசித்துச் சொல்லலாம் என்றார். என்ன செய்வது நல்லது?

மறுமொழி: பனித்தளத்து டிராம்போன்

எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். சிம்பல் வாசிப்பவர் நடத்துநரை நேருக்கு நேர் பார்த்து நிற்பார். பாட்டுகளின் அமைப்பு, எந்த இடத்தில் திரும்ப வருகிறது, எங்கே வெட்டுவார்கள் என்பதெல்லாம் ஒரு பருவத்துக்குள் உடம்பில் ஏறிவிடும். பேண்டுக்கு இல்லாத ஒன்றை நிரப்பியவர் என்ற மதிப்பும் முதல் நாளிலிருந்தே கிடைக்கும்.

மறுமொழி: ஐந்து கோடு

இதில் நான் மாறுபடுகிறேன். சிம்பல் நல்ல வரிசைதான், ஆனால் கோடு படிக்கும் பழக்கம் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாரமும் வாசித்தால்தான் வளரும். ஒரு பருவம் தள்ளிப் போட்டால் அடுத்த நவம்பரில் இதே இடத்தில் நிற்பீர்கள். ஆல்டோவில் ஆள் அதிகம் என்பது புதியவருக்கு உண்மையில் நல்ல செய்தி: பலருக்கு நடுவில் மறைந்து நின்று கற்கலாம். லீடரிடம் ஓர் ஏற்பாட்டைக் கேட்டுப் பாருங்கள். ஒத்திகைகளில் முழுக்கச் சாக்ஸபோன், ஆட்டங்களில் பாதி ஆட்டம்வரை சிம்பல், பிறகு மனப்பாடமான பாட்டுகளுக்குச் சாக்ஸபோன். மாணவர்களே நடத்தும் பேண்டில் இத்தகைய ஏற்பாட்டுக்கு எளிதில் சம்மதிப்பார்கள்.

மறுமொழி: ஆய்வகத்து ஆள்

இரண்டாம் யோசனைதான் எனக்கும் சரியாகப் படுகிறது. எதை எடுத்தாலும் காதடைப்பான் இல்லாமல் போக வேண்டாம். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்றும் வரையறுத்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மூடிய அரங்கில் ட்ரம்பெட் வரிசைக்கு முன்னாலோ சிம்பலைக் கையில் வைத்துக்கொண்டோ நிற்பவருக்கு அந்தப் 15 நிமிடம் பாதி ஆட்டத்துக்குள் தீர்ந்துவிடும். பஞ்சுபோன்ற மலிவான அடைப்பான் உயர்ந்த சுரங்களை அதிகமாக அமுக்கிவிடும். இசைக்கலைஞர்களுக்கென்று எல்லாச் சுரங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும் வகை கிடைக்கிறது, அதை வாங்குங்கள். எங்கள் பேண்டில் கேட்டவர்களுக்கு இலவசமாகத் தருகிறோம். உங்கள் பேண்டிலும் ஒரு பெட்டி இருக்கும், லீடரிடம் கேளுங்கள்.